சுவர் விழுங்கும் வெளிச்சம்

எவர்சில்வர் தட்டு ஒன்றையும் புதிதாக வெள்ளையடித்த சுவரையும் காட்டி, தன்மேல் விழும் வெளிச்சத்தை எது அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தட்டைத்தான் காட்டுவார்கள். தட்டில் முகம் தெரிகிறது. விளக்கின் பிம்பம் கண்ணைக் கூசவைக்கிறது. சுவரில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் கருவி வைத்து அளந்தால் விடை தலைகீழாக வரும். எவர்சில்வர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 60 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியை உள்ளே வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த சுண்ணாம்புச் சுவரோ 80 சதவீத அளவுக்குத் திருப்பித் தருகிறது. பளபளப்பு வேறு, திருப்பித் தரும் திறன் வேறு. நம் கண் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறது.

கோவை வட்டாரத்தில் அறைக்குள் பயிர் வளர்ப்பவர்கள் இந்த ஏமாற்றத்துக்குக் கரண்ட் பில்லில் விலை கொடுக்கிறார்கள். திசு வளர்ப்பில் உருவாகும் ஜி9 ரக வாழைக்கன்று நம் தோட்டத்துக்கு வருவதற்கு முன் பல மாதங்களைப் புட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் கழித்துவிட்டுத்தான் வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்கள் தொடங்கித் தனியார் திசு வளர்ப்புக் கூடங்கள் வரை வளர்ப்பறையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 25 டிகிரி வெப்பம், நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு, அடுக்கடுக்கான ரேக்குகள், ஒவ்வொரு தட்டுக்கும் மேலே டியூப்லைட் அல்லது எல்இடி. இவற்றோடு இப்போது வீட்டின் ஓர் அறையில் மைக்ரோகிரீன் எனும் இளங்கீரை வளர்ப்பவர்களும், மாட்டுக்கு மண்ணில்லாமல் மக்காச்சோளத் தீவனம் முளைக்க வைப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வரும் கேள்வி, சுவருக்கு என்ன அடிப்பது, என்ன ஒட்டுவது என்பது. கடையில் கேட்டால் மைலார் ஷீட், அலுமினியம் ஃபாயில், தெர்மோகோல், ஃப்ளெக்ஸ், விதவிதமான பெயிண்ட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

சுவர் அவ்வளவு முக்கியமா என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள ஒரு பெட்டி. மேல்பக்கம் முழுவதும் எல்இடி பலகை. அடியில் நெருக்கமாகச் செடிகள். பலகையில் இருந்து ஒளி எல்லாத் திசையிலும் பரவி இறங்குகிறது. அதற்கு முன்னால் ஐந்து பக்கங்கள் இருக்கின்றன: நான்கு சுவர், ஒரு தரை. கணக்குப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. அதாவது விளக்கில் இருந்து நேராகச் செடிக்கு வருவது 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் முதலில் சுவரில் முட்டுகிறது. சுவர் கறுப்பாக இருந்தால் அந்த 80-ம் அங்கேயே முடிந்துபோகும்.

சுவர் திருப்பித் தந்தால் கதை மாறுகிறது. திரும்பிய ஒளியில் கொஞ்சம் செடிக்குப் போகும். கொஞ்சம் எதிர்ச்சுவருக்குப் போய் மறுபடி திரும்பும். இப்படியே பல தடவை. செடிகள் தம்மேல் விழுவதை எல்லாம் வாங்கிக்கொள்கின்றன, சுவர்களுக்கும் மேல்பக்கத்துக்கும் ஒரே பூச்சு என்று வைத்துக்கொண்டு எல்லாத் தடவைகளையும் கூட்டிப் பார்த்தேன். 60 சதவீதம் திருப்பும் சுவரில் விளக்கொளியில் 38 சதவீதம் செடிக்குச் சேர்கிறது. 80 சதவீதம் திருப்பும் சுவரில் 56. 90 சதவீதச் சுவரில் 71. 95 சதவீதச் சுவரில் 83. விளக்கு அதே விளக்கு, மின்சாரமும் அதே மின்சாரம். சுவர் 60-ல் இருந்து 90-க்குப் போனதும் செடிக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது.

90-க்கும் 95-க்கும் இடையே ஐந்துதானே வித்தியாசம், அதற்கா இவ்வளவு என்று தோன்றும். கிணற்றுத் தண்ணீரை மண் வாய்க்காலில் தொலைவான வயலுக்குப் பாய்ச்சியவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் மண் எவ்வளவு குடிக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். சுவரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 90 சதவீதச் சுவர் ஒவ்வொரு மோதலுக்கும் 10 குடிக்கிறது. 95 சதவீதச் சுவர் 5 குடிக்கிறது. குடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. ஒளி பல தடவை மோதும் இடத்தில் அந்தப் பாதி பெருகிக்கொண்டே போகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது, அதை எந்த ஷீட் விற்பவரும் சொல்வதில்லை. அதே விளக்கைச் செடிகளில் இருந்து அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கிவிட்டால் நேராக வந்து சேரும் பங்கு 20-ல் இருந்து 41 சதவீதம் ஆகிறது. சாதாரணச் சுண்ணாம்புச் சுவரோடு மொத்தம் 74 சதவீதம் சேர்கிறது. ஒரு மீட்டர் உயரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு 90 சதவீதப் பூச்சு அடித்தவருக்குக் கிடைத்த 71-ஐ விட இது அதிகம். செடி தாங்கும் அளவுக்கு விளக்கை இறக்குவதும், சுவரைச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுவருவதும் செலவில்லாத காரியங்கள். ரேக்கின் திறந்த பக்கங்களில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினாலே பக்கவாட்டில் ஓடும் வெளிச்சம் நின்றுவிடும். அறையின் தூரத்துச் சுவருக்கு விலையுயர்ந்த ஷீட் ஒட்டுவதில் அதற்குப் பக்கத்தில் வரும் பலன் கிடையாது.

சுண்ணாம்பு அடிப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தால், வெள்ளை என்பது எங்கிருந்து வருகிறது என்பது கண்முன்னே நடக்கும். மட்டையால் முதல் இழுப்பு இழுத்ததும் சுவர் வெள்ளையாவதில்லை. ஈரச் சாம்பல் நிறமாக, அடியில் உள்ள பழைய கறை தெரியும்படி மங்கலாக இருக்கும். அடிக்கத் தெரியாதவர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசுவார். தெரிந்தவர் விட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போவார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அதே பூச்சு பளீரென்று இருக்கும். புதிதாக எதுவும் சேரவில்லை. தண்ணீர் போய்க் காற்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுண்ணாம்புத் துகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கண்ணாடி போலத் தெளிவானது. ஒளியை அது குடிப்பதில்லை. காற்றில் இருந்து துகளுக்குள் நுழையும்போதும், துகளில் இருந்து காற்றுக்குள் வெளியேறும்போதும் ஒளியின் பாதை வளைகிறது, ஒரு பகுதி திரும்புகிறது. ஒரு பொருள் ஒளியின் பாதையை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்ணை ஒளிவிலகல் எண் என்கிறோம். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, சுண்ணாம்புக்குச் சுமார் 1.6. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு எல்லைக்கோட்டில் ஒளி சிதறும். ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கு இடையே தண்ணீர், வித்தியாசம் குறைவு, ஒளி ஊடுருவி அடிச்சுவர் வரை போய்விடுகிறது. காய்ந்தபின் இடையே காற்று, வித்தியாசம் அதிகம், ஆயிரக்கணக்கான எல்லைகளில் முட்டிச் சிதறிய ஒளி, நுழைந்த பக்கமே வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் திரும்புவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வளர்ப்பறையின் சுவர் சொதசொதவென்று ஈரம் காத்தால் மங்குவதற்கும் இதுதான் காரணம்.

கொங்குப் பகுதிக்குச் சுண்ணாம்புக்கல் பஞ்சமில்லை. மதுக்கரையில் 1930-களிலேயே சிமெண்ட் ஆலை வந்தது அந்தக் கல்லை நம்பித்தான். ஆனால் அதே சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கி எண்ணெயிலோ பிசினிலோ குழைத்தால் வெள்ளை போய்விடும். பிசினின் ஒளிவிலகல் எண் 1.5, சுண்ணாம்பின் 1.6-க்கு மிக அருகில். பட்டி பார்ப்பதற்கு ஆகும், வெள்ளை பெயிண்டுக்கு ஆகாது. பிசினுக்குள்ளும் வெள்ளையாக நிற்க 1.5-ஐ விட்டு வெகுதூரம் விலகிய ஒரு பொருள் வேண்டும். அதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ரூட்டைல் வகைக்கு ஒளிவிலகல் எண் 2.7. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுத்த கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் இந்த வெள்ளைக்கு மூலப்பொருள். இன்று கடையில் வாங்கும் நல்ல வெள்ளை எமல்ஷன் எதுவானாலும் அதன் வெண்மை டைட்டானியத்தின் வெண்மைதான். தரமான மேட் வெள்ளை, இரண்டு கோட்டிங் அடித்தால், 85-ல் இருந்து 90 சதவீதம் வரை திருப்பித் தரும். ஒரே கோட்டிங்கில் நிறுத்தினால் ஒளி உள்ளே ஊடுருவி அடியில் இருக்கும் சிமெண்ட் சாம்பலில் போய் மடியும்.

இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பது நம் ஊர் வழக்கம். சுவர் இன்னும் வெள்ளையாகத் தெரியும். உண்மையில் நீலத்தூள் மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பின் ஒரு பகுதியையும் விழுங்கிவிடுகிறது. சுவரின் மஞ்சள் சாயல் அடங்குவதால் கண் அதை வெண்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் திரும்பி வரும் மொத்த ஒளி குறைந்துவிட்டது. மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிற ஒளிக்கும் ஒளிச்சேர்க்கை எவ்வளவு நடக்கிறது என்று அளந்து 1972-ல் வெளியிட்டார். சிவப்பை ஒட்டிய பகுதியில்தான் இலை மிக நன்றாக வேலை செய்கிறது. நீலம் கலந்த சுவர், செடி அதிகம் விரும்பும் பக்கத்து ஒளியிலேயே கைவைக்கிறது. வீட்டு முகப்புக்கு நீலம் கலக்கட்டும், வளர்ப்பறைக்கு வேண்டாம்.

திருப்பூர் வெள்ளைத் துணியைச் சுவரில் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதைப் போன்ற ஒரு செய்தி உண்டு. பனியன் துணி வெயிலில் பளிச்சென்று மின்னுவது வெண்மையூட்டிச் சாயத்தால். அந்தச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. வெயிலில் புற ஊதா இருக்கிறது. சாதாரண எல்இடி விளக்கில் அது அநேகமாக இல்லை. அறைக்குள் அந்தத் துணி தன் மின்னலை இழந்துவிடும். போதாததற்குப் பின்னல் இடைவெளி வழியாக ஒளி கசியும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இனி பளபளக்கும் ஷீட்டுகள். அலுமினியம், எவர்சில்வரைப் போல இல்லை. உண்மையிலேயே நன்றாகத் திருப்பும் உலோகம், தூய பரப்பில் 90 சதவீதத்தை ஒட்டி. சமையலறை ஃபாயிலின் மினுங்கும் பக்கமும் மங்கலான பக்கமும் திருப்பும் மொத்த அளவில் பெரிய வேறுபாடு கிடையாது; ஒன்று ஒளியை ஒரே திசையில் அனுப்புகிறது, மற்றது பரப்பி அனுப்புகிறது. சுருங்கிய ஃபாயில் செடியைச் சுட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவிக்க ஒழுங்கான குழிவு வேண்டும். தாறுமாறான சுருக்கங்கள் வெளிச்சத்தைத் திட்டுத் திட்டாக விழவைக்கும், அதற்குமேல் இல்லை. எனக்கு ஃபாயிலில் இருக்கும் ஆட்சேபம் வேறு. புதுச் சுண்ணாம்புச் சுவரில் ஈரத்தோடு ஒட்டினால் சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரித்துப் பொத்தல் போட்டுவிடும். அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள் வேறு. தண்ணீரும் ஒயரும் ஒன்றாக இருக்கும் அறையில் அதைத் தொங்கவிடுவது ஆபத்து.

மைலார் என்பது பிளாஸ்டிக் படலத்தின்மேல் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கமும் அந்தக் குடும்பம்தான். அந்த உலோகப் பூச்சு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஷீட் தரமானதா என்று பார்க்க, எல்இடி பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். மலிவான ஷீட்டில் பல்பு நீலம் பாய்ந்த வட்டமாக மறுபுறம் தெரியும், ஊசிமுனை அளவில் நட்சத்திரம் போல ஓட்டைகள் மின்னும். அந்த வெளிச்சம் எல்லாம் பின்னால் உள்ள சுவருக்குப் போகும் வெளிச்சம். நல்ல ஷீட் 90-க்கு மேலே திருப்பும் என்பது மெய். ஆனால் தட்டையாக, இழுத்துக் கட்டி, சுத்தமாக இருந்தால்தான். உப்புநீர் தெளித்துத் துடைக்கத் துடைக்க அந்த மெல்லிய உலோகம் உரிந்துவிடும்.

இதுவரை எவ்வளவு திரும்புகிறது என்று மட்டும் பார்த்தோம். எப்படித் திரும்புகிறது என்பதும் இலைக்கு முக்கியம். பள்ளிப் பாடத்தில் ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று படித்திருப்போம். கண்ணாடியும் மைலாரும் முதல் வகை. சுண்ணாம்பும் மேட் பெயிண்டும் இரண்டாம் வகை, ஒளியை எல்லாத் திசைக்கும் விரவி அனுப்புபவை. உச்சி இலை ஓர் அளவுக்குமேல் வெளிச்சத்தை உணவாக்க முடியாமல் திணறும். நிழலில் உள்ள அடி இலை கொஞ்சம் ஒளிக்கு ஏங்கி நிற்கும். விரவிய ஒளி இலைகளுக்கு இடையே பல கோணங்களில் நுழைந்து அடி இலைக்கும் பங்கு கொடுக்கிறது. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது வானம் முழுவதும் மெல்லிய துகள் படலம் பரவி, உலகெங்கும் வெயில் சற்றே குறைந்து, விரவிய ஒளி கூடியது. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் மரங்கள் காற்றில் இருந்து வாங்கும் கரியமில வாயுவை ஏற்கெனவே கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். 1992-ன் மேகமற்ற நண்பகல்களில் ஒளிச்சேர்க்கை வழக்கத்தைவிட 23 சதவீதம் கூடியிருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். வெளிச்சம் குறைந்து ஒளிச்சேர்க்கை கூடிய விந்தை அது. நம் பக்கத்தில் கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர்த் தக்காளித் தோட்டங்களில் மல்ச்சிங் ஷீட்டின் வெள்ளிப் பக்கத்தை மேலே வைத்து விரிக்கிறார்களே, அதுவும் அடி இலைக்குக் கீழிருந்து ஒளி கொடுக்கிறது. அதோடு, திரும்பும் புற ஊதாக் கதிர் வெள்ளை ஈயையும் அசுவினியையும் குழப்பித் துரத்துகிறது. டைட்டானிய வெள்ளை புற ஊதாவை விழுங்கிவிடும், அலுமினியம் திருப்பும். திறந்த வயலில் வெள்ளிக்கு இருக்கும் மதிப்பு அதனால் வந்தது. மூடிய அறையில் அந்த மதிப்பு வராது.

இந்த எண்களை எல்லாம் எப்படி அளந்தார்கள்? ஒரு பரப்பு எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிக்கும்போது ஒரு பக்கம் நின்று அளந்தால் போதாது. 1892-ல் சம்ப்னர் என்ற ஆங்கிலேயர், மூடிய வெள்ளைக் கோளத்துக்குள் ஒளி திரும்பத் திரும்ப மோதி எங்கும் ஒரே சீராகப் பரவிவிடும் என்று காட்டினார். 1900-ஐ ஒட்டி ஜெர்மனியின் உல்ப்ரிக்ட் அதையே அளவுகருவியாக்கினார். கோளத்தின் உட்புறம் பேரியம் சல்ஃபேட் போன்ற தூய வெண்மைப் பூச்சு. ஒரு துளையில் சோதிக்க வேண்டிய பொருள். இன்னொரு துளையில் உணரி. எந்தத் திசையில் சிதறினாலும் ஒளி கோளத்துக்குள்தான் சுற்ற வேண்டும், கணக்கில் இருந்து தப்ப முடியாது. நம் வளர்ப்பறையும் தன்னளவில் அதே ஏற்பாடுதான், உணரி இருக்கும் இடத்தில் செடி இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு எல்இடி பல்பைப் பொருத்துங்கள். அடியில் லக்ஸ் அளக்கும் செயலி உள்ள போனைப் படுக்கவைத்து, உள்பக்கத்துக்குக் கறுப்புத் துணி, வெள்ளைக் காகிதம், ஃபாயில், மைலார் என்று மாற்றி மாற்றி ஒட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் உணரி பெரும்பாலும் காதில் வைத்துக் கேட்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்; அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். வரும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்ற விகிதத்தை நம்பலாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு; 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கு அதிக மதிப்பும் சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைந்த மதிப்பும் போடும். செடிக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கணக்கு. ஆகவே ஒரே விளக்கின்கீழ் இரண்டு சுவர்ப் பொருள்களை ஒப்பிட லக்ஸ் போதும். வெள்ளை விளக்கையும் ஊதா நிற வளர்ப்பு விளக்கையும் ஒப்பிட அதைத் தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால் திசு வளர்ப்பு அறைக்கும் மைக்ரோகிரீன் ரேக்குக்கும் கழுவக்கூடிய மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டிங் போதும். எனாமல் வேண்டாம், அதன் மினுமினுப்பு மேல்பரப்பில் சில சதவீத ஒளியை மட்டும் கண்ணாடி போலத் திருப்பும், மொத்தத்தைக் கூட்டாது, நாளாக நாளாக மஞ்சளாகவும் மாறும். குறுகி உயர்ந்த பெட்டியில், ஒளி பல தடவை மோதும் இடத்தில் மட்டும் நல்ல மைலாருக்குச் செலவழிக்கலாம். தெர்மோகோல் வெள்ளையானதுதான், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும்; சூடாகும் விளக்குக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. தீவனம் முளைக்கும் ஈர அறைக்குச் சுண்ணாம்பு நல்லது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வளர முடியாது. மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் காலங்காலமாக அடிப்பது அதனால்தான். காற்றின் கரியமில வாயுவை வாங்கி வாங்கி அந்தக் காரம் தணிந்துவிடுவதால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

ஏசி ஓடும் அறைக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுகிப்போகிறது. சுவர் விழுங்கும் ஒளி எங்கும் மறைவதில்லை, வெப்பமாகி அறையிலேயே தங்குகிறது. வெளியே 38 டிகிரி காயும் ஏப்ரலில் உள்ளே 25-ஐக் காக்க ஏசி அந்த வெப்பத்தையும் இழுத்து வெளியே தள்ள வேண்டும். விளக்குக்கு ஒருமுறை, அதே வெளிச்சத்தை வெப்பமாக வெளியேற்ற மறுமுறை என்று ஒரே யூனிட்டுக்கு இரண்டு தடவை பணம் போகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியும், நூற்பாலைப் பக்கமானால் பஞ்சுத் தூசும், எந்தப் பூச்சானாலும் அதன்மேல் படியத்தான் செய்யும். 90-ல் இருந்த சுவர் தூசியால் 80-க்கு இறங்கினால், முதலில் பார்த்த பெட்டியில் செடிக்குச் சேர்வது 71-ல் இருந்து 56 ஆகிறது. பெயிண்ட் அடித்த அன்றே தட்டின் நடுவில் லக்ஸ் எண்ணைப் பார்த்துச் சுவரோரம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்துவிடலாம். எண் இறங்கியிருந்தால் ஈரத் துணியால் சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். துடைத்தபின் ஏறினால் குறை சுவரில். ஏறாவிட்டால் விளக்கு பழசாகிவிட்டது.